எரித்தவர் ஒருவர், கடன் கட்டுகிறவர் வேறொருவர்: இலங்கை சொல்லும் குற்றக் கணக்கு

தீவு நாடுகளில் குற்றத்தால் ஆகும் இழப்பு எவ்வளவு என்று கேட்டால், பொருளாதார நிபுணர்கள் முதலில் சுற்றுலாப் பயணிகளைத்தான் எண்ணுவார்கள். எத்தனை விமானம் ரத்தானது, எத்தனை ஓட்டல் அறை காலியாகக் கிடந்தது, எத்தனை டாலர் போனது என்று பட்டியல் வரும். அந்தக் கணக்கு பொய் இல்லை. ஒரு சிறிய தீவுக்கு வருமானம் வரும் வழிகள் இரண்டோ மூன்றோதான்: சுற்றுலா, தோட்டப் பயிர், வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் அனுப்பும் பணம். பெட்ரோல், மருந்து, கோதுமை, பருப்பு எல்லாம் கப்பலில் வந்து இறங்க வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு கலவரம் நடந்தால், ஒரு குண்டு வெடித்தால், மொத்தத் தீவும் ஆட்டம் காணும்.

ஆனால் தோழர்களே, நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இன்னும் இரண்டு இருக்கின்றன. எந்தச் செயல் குற்றம் என்று பதிவாகிறது, எது பதிவாகாமலேயே போகிறது? ஏற்பட்ட இழப்பு கடைசியில் யார் தலையில் வந்து விடிகிறது? இந்த இரண்டையும் கேட்காமல் போடுகிற கணக்கு முதலாளியின் கணக்கு. இலங்கையின் கடந்த முக்கால் நூற்றாண்டை இந்தக் கேள்விகளோடு படித்துப் பாருங்கள். நம் சேரிகளில் நடப்பதும் புரியும்.

சட்டமே செய்த திருட்டு

இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களில் பெரும்பகுதியினர் பறையர், பள்ளர், அருந்ததியர். ஊரில் நிலமும் இல்லை, கூலியும் இல்லை, பஞ்சம் வேறு. போனவர்கள் காட்டை வெட்டித் தோட்டம் ஆக்கினார்கள். அந்த நாட்டின் முதன்மை ஏற்றுமதியே அவர்கள் கையால் விளைந்ததுதான். 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் 7 இடங்களில் வென்றது. அடுத்த ஆண்டே, சுதந்திரம் வாங்கிய சில மாதங்களில், 1948ஆம் ஆண்டின் 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம் வந்தது. சுமார் ஏழு லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1949இல் வாக்குரிமையும் போனது.

இதை எந்தக் காவல் நிலையத்திலும் யாரும் குற்றமாகப் பதியவில்லை. நாடாளுமன்றத்தில் கை தூக்கிச் செய்த காரியம் அல்லவா! ஆனால் வாக்கு போனால் என்ன போகும் என்று யோசித்துப் பாருங்கள். ஓட்டு இல்லாதவர் வசிக்கும் மலைக்கு எந்த அரசியல்வாதி ரோடு போடுவார்? எவர் பள்ளிக்கூடம் கட்டுவார்? கூலி உயர்வுக்கு எந்த அமைச்சர் பேசுவார்? ஒரு தலைமுறை லயன் அறையில் பிறந்து, லயன் அறையில் வளர்ந்து, அங்கேயே செத்தது. அடுத்த தலைமுறைக்கும் அதே அறைதான் வாய்த்தது.

1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பத்து வருடம் கழித்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த மக்களில் ஒருவரிடமும் கருத்துக் கேட்கவில்லை. இங்கே வந்தவர்களில் பலர் நீலகிரியில் டேன்டீ தோட்டங்களில் மறுபடியும் தேயிலை பறிக்கப் போனார்கள். சாதிச் சான்றிதழ் வாங்கவே அவர்களுடைய பிள்ளைகள் அலைய வேண்டியிருந்தது. அங்கே இந்தியன் என்று விரட்டப்பட்டவர்கள் இங்கே சிலோன்காரர்கள் ஆனார்கள்.

இலங்கையில் மிஞ்சியிருந்தவர்களின் நாடற்ற நிலை முடிவுக்கு வந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான். 55 ஆண்டுகள். இந்தத் திருட்டின் பணமதிப்பை யாராவது போட்டிருக்கிறார்களா? ஒரு சிறு அடையாளம் மட்டும் புள்ளிவிவரத்தில் தெரிகிறது. 2016இல் இலங்கை அரசு எடுத்த கணக்கெடுப்பில் நாடு முழுவதும் வறுமை 4.1 சதவீதம். தோட்டப் பகுதியில் மட்டும் 8.8 சதவீதம். இரண்டு மடங்குக்கும் மேல். அந்த வித்தியாசத்தை விதி என்றும் சோம்பல் என்றும் சொல்பவர்கள் உண்டு. அது 1948இல் வாங்கிய கடன். வாங்கியவர் கட்டவில்லை.

ஜூலை 1983

1983 ஜூலை 24 இரவு கொழும்பில் தொடங்கியது. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகத் தேடிப் போனார்கள். செத்தவர்கள் சுமார் 400 பேர் என்றது அரசு. 3,000 வரை இருக்கும் என்கிறார்கள் மற்றவர்கள். வெலிக்கடைச் சிறைக்குள் மட்டும் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

தமிழ் முதலாளிகளின் ஆலைகள் எரிந்தன. அந்த ஆலைகளில் வேலை செய்த சிங்களத் தொழிலாளர்களும் மறுநாள் காலையில் வேலை இல்லாமல் நின்றார்கள். 1982இல் நான்கு லட்சத்துக்கும் அதிகமான சுற்றுலாப் பயணிகள் வந்த தீவுக்கு 1987இல் இரண்டு லட்சம் பேர்கூட வரவில்லை. நிபுணர்கள் போடும் கணக்கு இந்த இடத்தில் நின்றுவிடும்.

நாம் இன்னும் கீழே இறங்குவோம். கொழும்பில் வீடு இழந்த வசதியான தமிழர்களில் பலர் லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் போனார்கள். அவர்கள் பட்ட துயரம் சிறியது என்று நான் சொல்லவில்லை. ஆனால் விமானச் சீட்டுக்குக் காசில்லாதவர் எங்கே போவார்? 1977லும் 1981லும் 1983லும் அடிவாங்கிய மலையகத் தமிழர்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் நடந்தார்கள். காட்டோரத்தில் குடிசை போட்டார்கள். 2009 வரை போர் அவர்களை அங்கேயும் துரத்தியது. மன்னார் கரையிலிருந்து படகேறி ராமேஸ்வரம் வந்தவர்களிலும் அவர்கள் கணிசம். மண்டபத்திலிருந்து கும்மிடிப்பூண்டி வரை தமிழ்நாட்டில் இன்றும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள் இருக்கின்றன. 2021இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாறியது. குடியுரிமை மட்டும் கிடைக்கவில்லை. 2019இல் கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் அவர்களுக்கு இடம் வைக்கவில்லை.

யாழ்ப்பாணத்துக் கதை இன்னும் கசப்பானது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் ராணுவத்தால் வெளியேற்றப்பட்டார்கள். எல்லாச் சாதியினரும்தான் வெளியேறினார்கள். ஆனால் கால் நூற்றாண்டு கழித்தும் தற்காலிக முகாம்களில் கிடந்தவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் நளவரும் பள்ளரும். சொந்தக் காணி உள்ளவர் வேறு இடத்தில் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பிள்ளை வெளிநாட்டில் இருந்தவர் காசு வரவழைத்தார். காணியே இல்லாதவர் எதை விற்று எங்கே வாங்குவார்? செய்தது பேரினவாத ராணுவம். ஆனால் இழப்பு சாதி பார்த்துத்தான் இறங்கியது. தமிழ்த் தேசியம் பேசும் தோழர்கள் இதைச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். சுளித்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டு தீர்ப்புகள்

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு தேவாலயங்களிலும் கொழும்பின் பெரிய ஓட்டல்களிலும் குண்டு வெடித்தது. 250க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் செத்தவர்களில் பலர் குழந்தைகள். மூன்று வாரத்தில் கும்பல் கிளம்பி முஸ்லிம்களின் கடைகளையும் பள்ளிவாசல்களையும் உடைத்தது. ஒரு குற்றத்தின் விலையை, அதைச் செய்யாத ஒரு சமூகத்திடம் வசூலித்தார்கள்.

அந்த வழக்கில் 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. முன்கூட்டியே உளவுத் தகவல் கிடைத்தும் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும், அதுவும் சொந்தப் பணத்திலிருந்து. போலீஸ் தலைவரும் உளவுத்துறை அதிகாரியும் பாதுகாப்புச் செயலாளரும் கோடிக்கணக்கில் தர வேண்டும். அரசு கஜானாவிலிருந்து, அதாவது மக்கள் பணத்திலிருந்து, எடுத்துக் கொடுத்துவிட்டுக் கைகழுவ முடியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அதே ஆண்டு நவம்பர் தீர்ப்பு. 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. அந்த செப்டம்பரில் விலைவாசி ஏற்றம் 70 சதவீதத்தைத் தொட்டது. ஒரே இரவில் ரசாயன உரத்தைத் தடை செய்ததில் தேயிலை விளைச்சல் சரிந்தது. பறித்த கொழுந்தின் எடைக்குக் கூலி வாங்கும் பெண்ணுக்கு அதன் அர்த்தம் என்ன என்று சொல்லத் தேவையில்லை. 2022 மார்ச்சில் கைக்குழந்தையோடு மக்கள் மறுபடியும் தனுஷ்கோடி மணல் திட்டில் வந்து இறங்கினார்கள். இந்தமுறை குண்டுக்குப் பயந்து வரவில்லை, பால்மாவு வாங்க முடியாமல் வந்தார்கள்.

இந்த நிலைக்குக் கோத்தபய, மகிந்த, பசில் ராஜபக்சக்களும் உயரதிகாரிகளும் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2023 நவம்பர் 14 அன்று சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் மனுதாரர்கள் இழப்பீடு கேட்கவில்லை என்பதால் இழப்பீடு இல்லை. வழக்குச் செலவாக அவர்களுக்கு 1,50,000 ரூபாய் மட்டும். ஒரு நாட்டையே திவாலாக்கியதற்கு அதற்கு மேல் ஒரு ரூபாய் கட்டச் சொல்லவில்லை. கேட்காதவருக்குக் கிடைக்காது என்பது இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையில் இருக்கும் பாடம்.

முகவரி என்னும் தண்டனை

உலகின் வேறு தீவுகளிலும் இதே கதைதான். உலக வங்கியும் ஐ.நா.வின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகமும் 2007இல் கரீபியன் தீவுகள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. ஜமைக்கா தன் கொலை விகிதத்தைக் கோஸ்டாரிகா அளவுக்குக் குறைத்தால் ஆண்டு வளர்ச்சி 5.4 சதவீதம் வரை கூடும் என்றது அது. பெரிய எண்தான். ஆனால் அங்கே சாகிறவர்கள் பெரும்பாலும் கிங்ஸ்டன் நகரத்து ஏழைக் குடியிருப்புகளின் கறுப்பின இளைஞர்கள். சாகாமல் தப்பியவருக்கும் வேலை கிடைப்பதில்லை. விண்ணப்பத்தில் அந்தக் குடியிருப்பின் பெயரைப் பார்த்ததும் ஒதுக்கிவிடுவார்களாம். அதனால் முகவரியை மாற்றி எழுதுகிறார்கள்.

இது நமக்குப் புதிதா? 'காலனி' என்று முகவரியில் எழுதியதும் எதிரில் இருப்பவர் முகம் மாறுவதை ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வேலை தேடிப் போன நம் பிள்ளைகள் பார்த்ததில்லையா? அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப் போவதாக 2025இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. வரவேற்போம். முகவரியால் இதுவரை போன வேலைகளுக்கு யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்?

சேரியும் ஒரு தீவுதான். சுற்றிலும் ஊரார் நிலம். கடையும் பாதையும் கூலியும் அவர்கள் கையில். ஒரு தாக்குதல் நடந்தால் மறுநாள் வேலை நிற்கும், பால் வாங்க மாட்டார்கள், கடையில் சாமான் தர மாட்டார்கள். 1995இல் கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்தபோது எதை உடைத்தது? வெளிநாட்டில் உழைத்து வாங்கிய டிவியை, பிள்ளைகளின் சான்றிதழ்களை. 2012இல் தருமபுரி நத்தத்திலும் பக்கத்துக் குடியிருப்புகளிலும் 250க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தபோது எரிந்தது பெங்களூரில் கட்டட வேலை செய்து சேர்த்த சேமிப்பு. நாம் பட்டினி கிடக்கும்போது யாரும் வருவதில்லை. நாலு காசு சேர்த்ததும் வருகிறார்கள்.

நாம் செய்ய வேண்டியது

வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகளின்படி நிவாரணம் 85,000 ரூபாயிலிருந்து 8,25,000 ரூபாய் வரை என்று 2016இல் திருத்தினார்கள். அது குற்றத்தின் வகைக்குத் தரும் தொகை. உண்மையில் போனது எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை, நாமும் எழுதி வைப்பதில்லை. விதி 11 பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பயணப்படி, தினப்படி தரச் சொல்கிறது. எத்தனை பேர் கேட்டு வாங்கினோம்? சட்டத்தின் 16ஆம் பிரிவு, வன்கொடுமை செய்த பகுதி மக்கள் மீது கூட்டு அபராதம் விதிக்க மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதைப் பயன்படுத்து என்று எத்தனை மனு போட்டோம்?

கேட்டால் நடக்கும் என்பதற்கு வாச்சாத்தி சாட்சி. 1992இல் நடந்த கொடுமைக்கு 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் 18 பெண்களுக்குத் தலா 10 லட்சம் தரச் சொன்னது. அதில் 5 லட்சத்தைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கச் சொன்னது. 31 ஆண்டு விடாமல் கேட்டதால் கிடைத்தது.

எனவே மாணவத் தோழர்களே, ஒரு வன்கொடுமை நடந்த இடத்துக்குப் போனால் போட்டோ எடுப்பதோடு நிற்காதீர்கள். ஒரு நோட்டு எடுத்துப் போங்கள். எத்தனை நாள் வேலை போனது, எத்தனை முறை கோர்ட்டுக்கு அலைந்தார்கள், அன்றைய கூலி எவ்வளவு, எந்த நகை எவ்வளவுக்கு அடகு போனது, எந்தப் பிள்ளை பள்ளியை விட்டது, யார் ஊரைவிட்டே போனார்கள், வாங்கிய கடனுக்கு வட்டி எவ்வளவு. தேதி போட்டு, வீட்டாரிடம் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். அந்த நோட்டு மாவட்ட ஆட்சியரிடமும் சிறப்பு நீதிமன்றத்திலும் பேசும்.

நம் உத்திரமேரூர் கல்வெட்டைப் பற்றி எல்லோரும் பெருமை பேசுகிறார்கள். பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் மறுபடி இடமில்லை என்று எழுதியிருக்கிறது. நல்ல விதி. ஆனால் கால் வேலி நிலமும் வேதப் படிப்பும் இருந்தால்தான் குடவோலையில் பேர் எழுத முடியும். கணக்குக் கேட்கும் உரிமை அன்று நமக்கு இல்லை. இன்று அண்ணல் எழுதிக் கொடுத்த அரசியல் சட்டம் இருக்கிறது. கேட்போம்.

ஜெய்பீம்.
ஏனாத்தூரிலிருந்து