முன்னால் ஷாக் இருக்கிறதா?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் டயரும் உருவாகின்றன. ராயல் என்பீல்டு 2013-ல் ஒரகடத்தில் தொழிற்சாலை திறந்தது. வண்டிகளைப் பரீட்சை செய்வதற்கென்றே மத்திய அரசு அமைத்த ஆராய்ச்சி நிலையமும் அங்கே இருக்கிறது. ஒரு ஸ்பிரிங்கைப் பூட்டுவதென்றாலும் சோதித்துப் பார்த்தே பூட்டும் ஊர் அது.

ஆனால் அங்கே உழைக்கும் தொழிலாளி, மகனுக்கு மலைச் சைக்கிள் வாங்கப் போனால், "முன்னால் ஷாக் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்கிறார். இருக்கிறது என்றதும் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார். அது வேலை செய்கிறதா என்று கேட்க வேண்டாமா?

ஷாக் போர்க் வெறும் அலங்காரத்துக்காக வந்ததல்ல. அமெரிக்காவில் ராக்ஷாக்ஸ் கம்பெனி 1989-ல் காற்றையும் எண்ணெயையும் கொண்டு இயங்கும் முன் போர்க்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே, டுராங்கோவில் நடந்த உலகப் போட்டியில் மலையிறக்கப் பந்தயத்தை வென்ற கிரெக் ஹெர்போல்டின் சைக்கிளில் அந்தப் போர்க் இருந்தது. சக்கரம் தரையை விட்டு எழும்பாமல் இருந்தால்தான் பிரேக்கும் பிடிக்கும், ஹாண்டிலும் சொன்னபடி கேட்கும். போர்க்கின் வேலை இதுதான்.

அந்த வேலைக்கு ஸ்பிரிங் மட்டும் போதாது. அமுங்கிய ஸ்பிரிங் துள்ளி எழாமல் எண்ணெய் அதை அடக்க வேண்டும். மலிவான போர்க்குகள் பலவற்றில் இந்த ஏற்பாடு கிடையாது. கனம் மட்டும் உண்டு. மழைக்காலம் போனால் துருப்பிடித்து இறுகிவிடுவதும் உண்டு.

ஆகவே கடையிலேயே சோதியுங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹாண்டிலை அழுத்தி விடுங்கள். போர்க் நிதானமாக எழ வேண்டும். பந்துபோல் குதித்தால் அடக்கம் இல்லை என்று பொருள். பக்கவாட்டில் ஆடவும் கூடாது. 100 மில்லி மீட்டர் அமுங்கும் போர்க், ஆள் ஏறி உட்கார்ந்ததும் 15 முதல் 25 மில்லி மீட்டர் வரை இறங்கினால் சரி. காற்றுப் போர்க்கில் ஆளின் எடைக்கேற்பக் காற்றைக் கூட்டிக் குறைக்கலாம். ஸ்பிரிங் போர்க்கில் எடைக்குத் தக்கபடி ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டியிருக்கும்.

உயர்ந்த ரகம் வாங்குவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சக்கரத்தின் அளவும் அச்சும் பிரேமின் தலைக்குழாயும் போர்க்குடன் பொருந்த வேண்டும். 100 மில்லி மீட்டருக்குச் செய்த பிரேமில் 150 மில்லி மீட்டர் போர்க்கைப் பூட்டினால் முன்புறம் உயர்ந்துவிடும், ஹாண்டில் மந்தமாகும், பிரேமும் தாங்காமல் போகலாம்.

ஏலகிரி, கொல்லிமலைப் பாதைகளில் கல்லும் வேருமாக ஓட்டும் இளைஞருக்கு நல்ல போர்க் அவசியம். அதற்குச் செலவிடும் பணம் வீண் அல்ல. தார் ரோட்டில் பள்ளிக்கும் ஷிப்டுக்கும் போகிறவருக்கோ ஷாக் இல்லாத போர்க்கே மேல். மிஞ்சும் பணத்தில் நல்ல பிரேக்கும் அகலமான டயரும் வாங்கலாம்.

ஊரார் வண்டிக்கு நாளெல்லாம் தரம் பார்க்கும் கண், தன் பிள்ளை ஏறும் வண்டியையும் ஒரு நிமிஷம் பார்க்கட்டும்.