லீவுக்கு ஒரு பட்சித் தீவு

பரீட்சை முடிந்து, புத்தகப் பையை மூலையில் வீசிய கையோடு பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி என்ன? “அம்மா, லீவுக்கு எங்க போறோம்?” என்பதுதானே!

எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் வந்தது. பெரியவளுக்குத் தீவு பார்க்க வேண்டும்; பாடத்தில் அந்தமானைப் படித்ததிலிருந்து அதே பேச்சு. ஐந்து வயதுச் சின்னவனுக்கு முதலை பார்க்க வேண்டும். மாமியாரோ, “எங்கன்னா கூட்டிக்கினு போங்க, ஒரு பெருமாள் கோயில் இருந்தா எனக்குப் போதும்” என்றார். வீட்டுக்காரர் கணக்கு நோட்டைப் பார்த்துவிட்டு, “கப்பலு, பிளேனுன்னு யாரும் வாயத் தொறக்காதீங்க. ரயிலு சார்ஜும் ஒரு ராத்திரி ரூம் வாடகையும்தான் முடியும்” என்று முடித்துவிட்டார்.

தீவு, முதலை, பெருமாள், சிக்கனம் நான்கும் ஒரே இடத்தில் கிடைக்குமா? கிடைக்கும், சகோதரிகளே! காட்பாடியில் ராத்திரி ரயில் ஏறினால் காலையில் மைசூர். அங்கிருந்து சுமார் 15 கிலோ மீட்டர் பஸ்ஸில் போனால் ஸ்ரீரங்கப்பட்டணம். காவேரி இரண்டாகப் பிரிந்து ஓடி மறுபடி ஒன்று சேர்வதற்குள் நடுவே விட்டு வைத்திருக்கும் தீவு அது. அதற்குப் பக்கத்தில், மூன்று நான்கு கிலோ மீட்டர் தூரத்தில், அதே ஆற்றுக்குள் இருக்கிறது ரங்கனதிட்டு என்னும் பட்சிகளின் தீவுக் கூட்டம்.

நமக்கும் அந்த ஊருக்கும் ஓர் உறவு உண்டு. ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பெருமாள் ஆதிரங்கன். நம் பள்ளிகொண்டாவில் பாலாற்றங்கரையில் சயனித்திருப்பவர் உத்தர ரங்கநாதர். வெள்ளமாகப் பெருகி வந்த நதிக்குக் குறுக்கே பெருமாள் படுத்துத் தடுத்ததால்தான் ஊருக்குப் பள்ளிகொண்டா என்று பெயர் வந்தது என்பார்கள் பெரியவர்கள். “நம்ம சாமியோட அண்ணன் ஊட்டுக்குப் போற மாதிரி” என்று மாமியார் இரண்டு நாள் முன்பே பையைக் கட்டி வைத்துவிட்டார்.

முதல் நாள்: ஊரும் ஆறும்

முதல் நாளைப் பெரியவர்களுக்காக வைத்துக் கொள்ளுங்கள். கோயில் தரிசனம் முடிந்ததும் திப்பு சுல்தானின் கோடை மாளிகையான தரியா தௌலத்தைப் பார்க்கலாம். 1784இல் கட்டியது. சுவர் முழுக்கச் சித்திரங்கள். 1799 மே 4ஆம் தேதி இந்தத் தீவுக் கோட்டையில்தான் திப்பு போரில் மாண்டார். அதன் பிறகு அவருடைய பிள்ளைகளையும் குடும்பத்தாரையும் ஆங்கிலேயர் கொண்டுவந்து வைத்தது எங்கே தெரியுமா? நம் வேலூர்க் கோட்டையில்! 1806 ஜூலை 10ஆம் தேதி வேலூர்ப் புரட்சியைப் பாடத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு இதை அந்த இடத்திலேயே சொன்னால் மறக்கவே மறக்காது.

சாயங்காலம் ஆறு சேரும் சங்கமத்துக்குப் போனோம். அங்கேதான் எங்கள் சின்னவன் அந்தக் கேள்வியைக் கேட்டான். கரையில் நின்று வாயைப் பிளந்து பார்த்தவன், “ஏம்மா, எம்மாந் தண்ணி! யாரும்மா வுட்டாங்க?” என்றான்.

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கு ஆறு என்றால் மணலும் முள்செடியும்தான். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் புரண்டபோது அவன் கைக்குழந்தை. தண்ணீரை அவன் பார்த்ததெல்லாம் குழாயிலும் லாரியிலும்தான். யாராவது திறந்து விட்டால்தானே தண்ணீர் வரும் என்று அவன் நினைத்தது அவன் தப்பா?

இரண்டாம் நாள்: பட்சித் தீவு

ரங்கனதிட்டுக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். வெயில் ஏறினால் குழந்தைகள் சிணுங்குவார்கள், கூட்டமும் சேர்ந்துவிடும். சனி, ஞாயிறு வேண்டாம். வார நாளில் போனால் நெரிசல் இருக்காது.

திட்டு என்றால் ஆற்று நடுவே மேடாக நிற்கும் நிலம் என்று நமக்கும் புரிகிறதல்லவா? 1645க்கும் 1648க்கும் இடையே மைசூர் அரசர் கண்டீரவ நரசராஜ உடையார் காவேரிக்குக் குறுக்கே அணை கட்டியதால் உண்டானவை இந்தத் திட்டுகள். பட்சிகள் இங்கே வந்து கூடு கட்டுவதைக் கண்ட பறவை நிபுணர் சாலிம் அலி மைசூர் அரசிடம் எடுத்துச் சொல்ல, 1940இல் இது சரணாலயம் ஆயிற்று. 2022இல் உலகின் முக்கியமான நீர்நிலைகளின் பட்டியலான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

துடுப்புப் படகில் மெள்ள அழைத்துப் போகிறார்கள். பிள்ளைகளுக்கு நான் ஒரு விளையாட்டுச் சொல்லிக் கொடுத்தேன். “நம்ம சமையல் ரூம்ல இருக்கற சாமானெல்லாம் இந்தப் பட்சிங்க மூக்குல இருக்கு, யாரு முதல்ல கண்டுபிடிக்கறீங்க?” என்றேன். அவ்வளவுதான், இருவரும் கப்சிப்!

கரண்டிவாயன் வெள்ளை வெளேரென்று இருக்கும். மூக்கு நுனி தட்டைக் கரண்டி. தண்ணீரில் மூக்கை இப்படியும் அப்படியும் துழாவி இரை தேடும், நாம் குழம்பில் கிண்டுகிற மாதிரி! அரிவாள்மூக்கனுக்குக் கறுத்த தலை, வளைந்த அரிவாள் மூக்கு; சேற்றுக்குள் குத்தித் தேடும். நத்தைகுத்தி நாரைக்கு மூக்கு இடுக்கி போல. மூடினாலும் நடுவே இடைவெளி தெரியும். அதை வைத்துக்கொண்டு நத்தையைப் பிடித்துச் சதையை உருவித் தின்கிறது. குஞ்சாக இருக்கும்போது அந்த இடைவெளி இராது. வளர வளரத்தான் வரும். கூழைக்கடாவுக்கோ மூக்கின் கீழே ஒரு பையே தொங்கும். “மார்க்கெட்டுக்குப் போறப்போ அதுக்குத் துணிப்பையே வேணாம்மா!” என்றாள் பெரியவள்.

எனக்கு மனசில் நின்றது மஞ்சள்மூக்கு நாரை. இறக்கை ஓரத்தில் ரோஜா நிறம் தீட்டினாற்போல் இருக்கும் பட்சி அது. வெயில் உறைத்தபோது ஒரு தாய் கூட்டில் நின்றபடி இரண்டு இறக்கைகளையும் விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடித்துக் கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டில் முந்தானையை இழுத்துப் பிள்ளை தலையில் போடுகிறோமே, அதேதான்.

மரங்களில் கறுப்புப் பைகளைத் தொங்கவிட்டாற்போல் பழந்தின்னி வௌவால்கள். சில தாய்களின் மார்பில் குட்டி ஒட்டிக் கொண்டிருக்கும். பாறைகளில் முதலைகள் வாயைப் பிளந்தபடி கிடக்கும். கடிப்பதற்காக அல்ல, உடம்புச் சூட்டைத் தணிக்க அப்படிச் செய்கின்றன. சின்னவன் என் மடியை விட்டு நகரவில்லை. அதிர்ஷ்டம் இருந்தால் நீர்நாய்களும் கண்ணில் படும்.

“முதலை இருக்கற எடத்துல போயி எதுக்குக் குஞ்சு பொரிக்குதுங்க?” என்று மாமியார் கேட்டார். நல்ல கேள்வி! சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் பூனை, நாய், நரி எதுவும் சுலபமாகத் தீவுக்கு வர முடியாது. தண்ணீரில் முதலையும் இருந்தால் கேட்கவே வேண்டாம். பிள்ளை பெற வருகிற பட்சிக்கு ஆறுதான் காம்பவுண்டுச் சுவர். சாப்பாட்டுக்கும் பஞ்சமில்லை, ஆற்றில் மீன், சுற்றுப்புற வயல்களில் நத்தையும் தவளையும். ஆறு வற்றினால் சுவரும் போச்சு, சமையலறையும் போச்சு.

அங்கேயும் எல்லாம் சௌகரியம் என்று சொல்ல முடியாது. மழைக்காலத்தில் மேலேயுள்ள கிருஷ்ணராஜ சாகர் அணையைத் திறந்தால் வெள்ளம் வந்து திட்டுகளின் கரையை அரித்துவிடும். மணல் மூட்டை அடுக்கிக் கரையைக் காப்பாற்றுகிறார்கள்.

எப்போது போகலாம்?

டிசம்பர், ஜனவரியில் கூடு கட்டும் மும்முரத்தைப் பார்க்கலாம். ஏப்ரல், மே லீவில் போனால் வளர்ந்த குஞ்சுகளைப் பார்க்கலாம், ஆனால் வெயில் கடுமை. ஜூலை, ஆகஸ்டில் ஆற்றில் வெள்ளம் வந்தால் படகை நிறுத்திவிடுவார்கள், விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

கைப்பையில் என்ன இருக்க வேண்டும்?

முதல் நாளுக்கு இட்லியில் மிளகாய்ப்பொடி தடவி எடுத்துப் போகலாம். புளியோதரை மறுநாள் காலை வரை தாங்கும். வெயில் நாளில் தயிர் சாதம் வேண்டாம், புளித்துவிடும். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் ஆளுக்கு ஒரு பாட்டில்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் கைகொடுக்க உப்பு-சர்க்கரைப் பொட்டலம் இரண்டு வையுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். குழந்தை சோர்ந்து போனாலோ, குடித்தது தங்காவிட்டாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

தொப்பி அல்லது பருத்தித் துண்டு அவசியம். பளீரென்ற சிவப்பு, மஞ்சள் உடுப்பைத் தவிர்த்தால் பட்சிகள் மிரளாது. படகில் மிதவைச் சட்டையைக் கேட்டு வாங்கிப் பிள்ளைகளுக்கு மாட்டுங்கள். கையைத் தண்ணீரில் விடக் கூடாது. கைக்குழந்தைக்குப் படகு ஏறுமுன்பே பால் கொடுத்துவிடுங்கள். வௌவால் மரத்தடியில் விழுந்து கிடக்கும் கடித்த பழத்தையோ, இறகுகளையோ பிள்ளைகள் தொட வேண்டாம். சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம். குழந்தையின் அழுக்குத் துணி முதல் பிஸ்கட் காகிதம் வரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுத் திரும்பக் கொண்டு வந்துவிடுங்கள்.

திரும்பி வந்த பிறகு

காட்பாடியில் இறங்கி வேலூர் பஸ்ஸில் வரும்போது விடிந்து கொண்டிருந்தது. பாலாற்றுப் பாலத்தின் மேல் பஸ் ஏறியதும் சின்னவன் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். “இது ஆறாம்மா?” “ஆமாண்டா, நம்ம ஆறு.” “இங்க எப்பம்மா தண்ணி வுடுவாங்க?”

என்ன பதில் சொல்வேன்? எங்கள் தெருவில் பாதி வீட்டுக்குச் சோறு போடுவது தோல் தொழில்தான். அதை மறந்து பேச எனக்கு வாய் வராது. ஆனால் தோல் பதனிட்ட கழிவுநீர் இந்த ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்ததும் உண்மை. மணலை வாரிக் கொண்டு போனதும் உண்மை. கெடுத்தவர்களே ஈடுகட்ட வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2025 ஜனவரியில் அதே ஆற்றுக்காக மறுபடி ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. நடுவே ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது.

“இந்தப் பாலாத்துலதான் நான் துணி தொவச்சேன், ஊத்துத் தோண்டிக் குடிச்சேன்” என்று மாமியார் பேரனிடம் சொன்னார். அவன் நம்பாமல் என் முகத்தைப் பார்த்தான். “ஆயா சொல்றது நெசந்தாண்டா” என்றேன்.

அந்த ஒரு வார்த்தைக்காகவாவது பிள்ளைகளை ஒரு தடவை அந்தத் தீவுக்குக் கூட்டிப் போங்கள். ஓடுகிற ஆற்றைக் கண்ணால் பார்த்த பிள்ளைதான் பெரியவனானதும் வறண்ட ஆற்றைப் பார்த்து “ஏன்?” என்று கேட்பான். பார்க்காத பிள்ளை, ஆறு என்றாலே இப்படித்தான் என்று இருந்துவிடுவான்.

காசும் லீவும் இப்போது இல்லையா? பரவாயில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் உங்கள் ஊர் ஏரியில் கொஞ்சம் தண்ணீர் நின்றாலும் போதும், ஒரு காலை வேளை பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துப் போங்கள். கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி எதுவாவது இருக்கும். ஒரு நோட்டில் பெயர் எழுதச் சொல்லுங்கள். வருஷா வருஷம் எழுதட்டும். எங்கள் பெரியவள் தொடங்கிவிட்டாள். இதுவரை ஏழு பெயர். உங்கள் வீட்டு நோட்டில் எத்தனை சேர்ந்தது என்று எழுதி அனுப்புகிறீர்களா?