எண்பத்தொரு நாட்களும் அதற்குப் பின்னும்

ஓட்டப் பந்தயங்களுள் ஒன்றுக்கு ஆலயங்களோடு பெயருறவு உண்டு என்றால் வாசகர்களில் சிலர் வியக்கக்கூடும். ஆலயத்தின் கூரிய கோபுரத்தை ஆங்கிலத்தில் 'ஸ்டீப்பிள்' என்பர். 1752ஆம் ஆண்டில், அயர்லாந்து நாட்டின் கார்க் மாவட்டத்தில் இரு குதிரை வீரர்கள் பந்தயம் கட்டிக்கொண்டு, பட்டவண்ட் என்னும் ஊரின் ஆலயத்திலிருந்து டொனரயில் என்னும் ஊரின் ஆலயக் கோபுரத்தைக் குறியாகக் கொண்டு, ஏறத்தாழ நான்கு மைல் தொலைவை, வேலியென்றும் வாய்க்காலென்றும் பாராமல் பாய்ந்து கடந்தனராம். தொலைவிலிருந்து கண்ணுக்குப் புலப்படுவது கோபுரம் ஒன்றுதானே! 'ஸ்டீப்பிள்சேஸ்' என்னும் பெயர் இவ்வாறு பிறந்ததாகச் சொல்லப்படுகிறது. பிற்காலத்தில் குதிரையை விட்டுவிட்டு மனிதரே ஓடத் தொடங்கினர்.

இப்பந்தயத்தின் தூரம் 3,000 மீட்டர். இடையே 28 முறை கட்டைகளையும், 7 முறை நீர்க்குழியையும் தாண்ட வேண்டும். மற்றத் தடையோட்டங்களில் கால் பட்டால் தடை சாய்ந்து வழிவிடும். இதில் கட்டை அசையாது. இடறினால் சாய்பவர் ஓடுபவரே. ஆடவருக்கு அக்கட்டையின் உயரம் ஏறத்தாழ 91 சென்டிமீட்டர். நீர்க்குழியோ 3.66 மீட்டர் நீளமுடையது. கட்டையின் அருகே ஆழம் மிகுந்து, அப்பால் செல்லச் செல்லக் குறைந்துகொண்டே போகும். எட்டிக் குதிப்பவனுக்கு நனைவது குறைவு.

இந்த ஓட்டம் கென்யா நாட்டாரின் சொத்துப் போல் ஆகிவிட்டது. 1968ஆம் ஆண்டு மெக்சிகோவில் தொடங்கி 2016ஆம் ஆண்டு ரியோ வரை, கென்யா கலந்துகொண்ட ஒவ்வோர் ஒலிம்பிக்கிலும் ஆடவர் ஸ்டீப்பிள்சேஸ் தங்கம் அந்நாட்டுக்கே சென்றது. இடையில் 1976, 1980 ஆகிய இரு முறை மட்டும் அது வேறு நாட்டாருக்குக் கிட்டியது. அவ்விரு முறையும் கென்யா தோற்கவில்லை, களத்துக்கே வரவில்லை. அந்த இடைவெளியில் சிக்கிக்கொண்ட ஒருவரைப் பற்றியே இத்திங்கள் எழுத விரும்புகிறேன். அவர் பெயர் ஹென்றி ரோனோ.

1952 பிப்ரவரி 12ஆம் நாள், கென்யாவின் நாந்திக் குன்றுப் பகுதியில் அவர் பிறந்தார். குழந்தைப் பருவத்தில் மிதிவண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்து, நெடுநாள் நடக்க இயலாதிருந்தவர். தந்தையையும் இளமையிலேயே இழந்தார். அதே நாந்தி இனத்தைச் சேர்ந்த கிப்சோகே கெய்னோ 1968இல் 1,500 மீட்டர் ஓட்டத்திலும், 1972இல் ஸ்டீப்பிள்சேஸிலும் ஒலிம்பிக் தங்கம் வென்று நாட்டின் செல்வமாய்த் திகழ்ந்த காலம் அது. கெய்னோவைப் போல் ஓட வேண்டும் என்பதே சிறுவன் ரோனோவின் ஆசை. படையில் சேர்ந்தார், ஓடினார், 1976ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஸ்டீப்பிள்சேஸ், 5,000 மீட்டர் ஆகிய இரண்டுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அப்போதுதான் நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுக்கு நியூசிலாந்தின் ரக்பி அணி விளையாடச் சென்றிருந்தது. அதைக் கண்டித்து, இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகள் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. கென்யாவும் அவற்றுள் ஒன்று. காரணம் நியாயமானதே, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நியாயத்தின் விலையைச் செலுத்தியவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். தென்னாப்பிரிக்க அமைச்சர்களும் அல்லர். நியூசிலாந்தின் ரக்பிக்காரரும் அல்லர். நான்காண்டுகள் விடியற்காலையில் எழுந்து மலைப்பாதையில் ஓடிய இளைஞர்களே செலுத்தினர்.

அவ்வாண்டே ரோனோ அமெரிக்கா சென்று, வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1976, 1977, 1979 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையிலான நாட்டுப்புற ஓட்டத்தில் முதலிடம் பெற்றார். எனினும் அவர் பெயரை உலகெங்கும் ஒலிக்கச் செய்தவை 1978ஆம் ஆண்டின் எண்பத்தொரு நாட்களே.

ஏப்ரல் 8ஆம் நாள் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில், சிறு கூட்டமே கூடியிருந்த ஒரு கல்லூரிப் போட்டியில், 5,000 மீட்டரை 13 நிமிடம் 8.4 நொடியில் ஓடி உலகச் சாதனையை நான்கு நொடிகளுக்கும் மேலாகக் குறைத்தார். மே 13இல் சியாட்டில் நகரில் ஸ்டீப்பிள்சேஸ்: 8 நிமிடம் 5.4 நொடி. ஜூன் 11இல் வியன்னாவில் 10,000 மீட்டர்: 27 நிமிடம் 22.4 நொடி. முந்திய சாதனைக்கு உரியவர் அதே பல்கலைக்கழகத்தில் அவரோடு பயின்ற கென்யரான சாம்சன் கிமோப்வா! ஜூன் 27இல் ஆஸ்லோவில் 3,000 மீட்டர்: 7 நிமிடம் 32.1 நொடி. நான்கு வெவ்வேறு பந்தயங்கள். நான்கு உலகச் சாதனைகள். அத்தோடும் ஓயவில்லை. அவ்வாண்டே அல்ஜியர்ஸ் நகரில் நடந்த ஆப்பிரிக்க விளையாட்டுகளில் இரு தங்கமும், எட்மன்டன் நகரின் காமன்வெல்த் விளையாட்டுகளில் இரு தங்கமும் வென்றார். இரு இடங்களிலும் ஸ்டீப்பிள்சேஸ் தங்கம் அவருடையதே.

1980 வந்தது. சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து, அமெரிக்காவின் முன்முயற்சியில் பல நாடுகள் மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. கென்யாவும் அவற்றோடு சேர்ந்துகொண்டது. உலகில் தலைசிறந்தவராயிருந்த ஒருவர், ஒலிம்பிக் களத்தில் ஒரு முறையேனும் கால் வைக்காமலே காலத்தைக் கடந்துவிட்டார்.

கணக்கைச் சற்றே பொறுமையாகப் பார்ப்போம். 1976இல் தங்கம் வென்ற ஸ்வீடன் நாட்டு கார்டெருட் எடுத்துக்கொண்ட நேரம் 8 நிமிடம் 8 நொடி. 1980இல் போலந்தின் மாலினோவ்ஸ்கி 8 நிமிடம் 9.7 நொடி. 1988இல் சியோலில் வென்ற கென்யர் ஜூலியஸ் கரியுக்கி 8 நிமிடம் 5.51 நொடி, மயிரிழையில் ரோனோவின் நேரத்தை எட்டவில்லை. ரோனோவின் சாதனை பதினோர் ஆண்டுகள் நிலைத்து, 1989இல் பீட்டர் கோயெச் என்பவரால், அதுவும் நொடியின் நூறில் ஐந்து பங்கு வேறுபாட்டில், முறியடிக்கப்பட்டது. ஒலிம்பிக்கிலோ, ரோனோவின் நேரத்தைவிட விரைவாக ஓடி ஒருவர் தங்கம் பெறுவதற்கு 2016ஆம் ஆண்டு வரை உலகம் காத்திருக்க வேண்டியிருந்தது. ரியோவில் கான்செஸ்லஸ் கிப்ருட்டோ 8 நிமிடம் 3.28 நொடியில் வென்றார். பிறகு 2021இலும் 2024இலும் தங்கம் பெற்ற மொராக்கோ வீரரின் நேரங்களும் ரோனோவின் நேரத்துக்குப் பின்தங்கியவையே.

இதற்கிடையில் குடி அவரைப் பற்றிக்கொண்டது. எப்பொழுது, எங்ஙனம் என்று ஒரு நாளைச் சுட்டிக் கூற இயலாது. குடி அப்படி நாள் குறித்து வருவதில்லை. தாய்நாட்டை விட்டுத் தொலைவில் தனியே வாழ்ந்தார். புகழுடையவனுக்கு மது வாங்கித் தர எந்த ஊரிலும் ஆட்கள் உண்டு. அவன் உண்டானா உறங்கினானா என்று கேட்பவர் அரியர். அன்று ஓட்டக்காரர் வெளிப்படையாகப் பணம் பெறுவதை விதிகள் தடுத்தன. எனவே வந்த பணமும் மறைவாகவே வந்து, கணக்கின்றியே கரைந்தது.

1981ஆம் ஆண்டு அவர் உடல் பருத்து ஐரோப்பா வந்தார். பந்தயத்துக்குப் பந்தயம் தோற்றார். அந்தத் தோல்விகளையே பயிற்சியாகக் கொண்டு உடல் இளைத்தார். செப்டம்பர் 13ஆம் நாள் நார்வேயின் க்நார்விக் என்னும் ஊரில், 5,000 மீட்டரை 13 நிமிடம் 6.2 நொடியில் ஓடித் தம் சாதனையைத் தாமே முறியடித்தார். முந்திய இரவிலும் குடித்திருந்தார் என்று சொல்லப்படுகிறது. சிலர் இதை வியப்போடு சொல்லி மகிழ்வதுண்டு. எனக்கோ அது துயரமாகவே படுகிறது. அதுவே அவருடைய கடைசி உலகச் சாதனை.

1984இல் கென்யா மீண்டும் ஒலிம்பிக்குக்குச் சென்று, ஜூலியஸ் கோரிர் ஸ்டீப்பிள்சேஸில் தங்கம் பெற்றபோது ரோனோ அங்கில்லை. அமெரிக்காவில் ஊர் ஊராய் அலைந்தார். கார் கழுவினார். விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளைச் சுமந்தார். வீடற்றோருக்கான விடுதிகளிலும் தங்கினார். குடியை விடுவிக்கும் இல்லங்களுக்குப் பலமுறை சென்றார். பலமுறை மீண்டும் வீழ்ந்தார். நம் பங்குகளிலும் இத்தகைய குடும்பத் தலைவர்களை அறியாதவர் இலர். முதன்முறை திருந்தாதவனை மறுமுறை நம்புவது எவ்வளவு கடினம் என்பது அவ்வீடுகளின் பெண்களுக்குத் தெரியும்.

முடிவில் ரோனோ குடியை விட்டார். நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கி நகரில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். இளைஞர்களுக்கு ஓட்டப் பயிற்சி அளித்தார். தம் வரலாற்றை நூலாகவும் எழுதி, அதற்கு 'ஒலிம்பிக் கனவு' எனப் பொருள்படும் பெயரிட்டார். ஐம்பத்தைந்து வயதை ஒட்டி, பருத்த உடலைக் குறைத்து, தம் வயதினருக்குரிய மைல் ஓட்டச் சாதனையைக் குறிவைத்து மீண்டும் பயிற்சியில் இறங்கினார்.

முப்பதாண்டுகளுக்கும் மேலாகப் பிரிந்திருந்த தாய்நாட்டுக்கு 2019ஆம் ஆண்டில் திரும்பினார். 2024 பிப்ரவரி 15ஆம் நாள் நைரோபி நகரில் காலமானார். எழுபத்திரண்டு வயது நிறைந்து மூன்று நாட்களே ஆகியிருந்தன.