ஒரே வேலை, இரண்டு சம்பளம்

வீட்டுச் சண்டைக்கு வெளியார் வந்து பஞ்சாயத்து செய்வதை நம்மில் யாரும் விரும்புவதில்லை. "நமக்குள்ளே பேசித் தீர்த்துக்கொள்வோம்" என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். ஒரு தேசத்து முதலாளிகளும் தொழிலாளிகளும் சேர்ந்து இதே முடிவுக்கு வந்தார்கள் என்றால் ஆச்சரியமாயில்லையா?

அந்தத் தேசம் ஸ்வீடன். வேலைநிறுத்தத்துக்கும் கதவடைப்புக்கும் ஒரு காலத்தில் பேர்போன நாடு. 1931-ல் ஓடாலன் என்ற பகுதியில் ஊர்வலத்தை நோக்கி ராணுவம் சுட்டதில் ஐந்து பேர் மாண்டார்கள். தேசமே திடுக்கிட்டது. சண்டையை நிறுத்தாவிட்டால் சர்க்கார் சட்டம் போட்டுவிடும் என்ற பயம் இரு தரப்புக்கும் வந்தது. கடைசியில் 1938 டிசம்பரில், ஸ்டாக்ஹோமுக்கு அருகே சால்ட்ஷோபாடன் என்ற கடற்கரை ஊரில், முதலாளிகள் சம்மேளனமும் தொழிற்சங்க சம்மேளனமும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன.

தகராறு வந்தால் முதலில் பேசவேண்டும். ஆளை நிறுத்துவதானால் முன்கூட்டியே தெரிவிக்கவேண்டும். சம்பந்தமில்லாத மூன்றாம் மனிதரைச் சண்டையில் இழுக்கக்கூடாது. இவையெல்லாம் அதில் அடக்கம். அந்தப் பழக்கம் எவ்வளவு வேரூன்றிவிட்டது தெரியுமா? குறைந்தபட்சச் சம்பளம் இவ்வளவு என்று சொல்லும் சட்டமே இன்றும் ஸ்வீடனில் கிடையாது! ஏறக்குறைய பத்தில் ஒன்பது தொழிலாளிகளுக்கு ஒப்பந்தம்தான் காவல்.

எல்லாம் சரி, பெண்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்கிறீர்களா? அங்கேதான் சங்கடம். சமாதானமாகப் பேசி முடித்த அந்தச் சம்பள ஒப்பந்தங்களிலேயே ஆணுக்கு ஒரு விகிதம், பெண்ணுக்கு அதைவிடக் குறைவாக ஒரு விகிதம் என்று எழுதி வைத்திருந்தார்கள். ஆண் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவனாம்! கணவனை இழந்து, பிள்ளைகளை வளர்க்க ஆலைக்குப் போகிறவள் யாரைக் காப்பாற்றுகிறாளாம்? கடைக்காரன் அவளுக்கு மட்டும் ரொட்டியை மலிவாகக் கொடுப்பானா?

சங்கத்திலிருந்த பெண்கள் விடாமல் கேட்டார்கள். 1960-ல் அதே இரண்டு சம்மேளனங்களும் மறுபடி உடன்பட்டன: பெண்களுக்கென்று இருந்த தனி விகிதங்களை ஐந்தே வருஷத்தில் எடுத்துவிடுவது என்று. பேனாவால் எழுதியதைப் பேனாவே அடித்தது. ஆனாலும் பெண்கள் அதிகமாகச் செய்யும் வேலைகளுக்குச் சம்பளம் குறைவு என்ற குறை அங்கே இன்னும் முழுதும் தீரவில்லை.

நம் கதை வேறு. சம வேலைக்குச் சம ஊதியம் என்று சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1951-ல் செய்த உடன்படிக்கையை ஸ்வீடன் 1962-ல் ஏற்றது. நாமோ 1958-லேயே ஏற்றுவிட்டோம்! 1976-ல் சட்டமும் போட்டோம். இருந்தும் கட்டடம் கட்டும் இடத்தில் சித்தாளுக்கு என்ன கூலி என்று விசாரித்துப் பாருங்கள்.

பந்தியில் உட்காராதவர்களுக்குப் பரிமாற மறந்துபோவது உலக வழக்கம். சம்பளம் பேசுகிற மேஜையும் ஒரு பந்திதான், சகோதரிகளே! இடம் போட்டு அழைப்பார்கள் என்று காத்திராமல், நாமே போய் உட்காரவேண்டியதுதான்.