முட்டுக்கட்டை போடுவோம் வாங்க!



"நல்ல காரியத்துக்கு முட்டுக்கட்டை போடாதே" என்று வீட்டில் பெரியவர்கள் திட்டுவதை நாம் எல்லோரும் கேட்டிருப்போம். ஆனால் நான் இந்த மாதச் சுவர் இதழில் முட்டுக்கட்டை போடச் சொல்லித்தான் எழுதுகிறேன். மனுஷங்களுக்கு இல்லை. நிறுத்தி வைத்திருக்கும் மோட்டார் சைக்கிளுக்கு!

ஜனவரி மாதம் வந்தால் சாலைப் பாதுகாப்புப் பேரணி போகிறோம். "தலைக்கவசம் உயிர்க்கவசம்" என்று தொண்டை வலிக்கக் கத்துகிறோம். வேகமாகப் போகாதே, குடித்துவிட்டு ஓட்டாதே, செல்போன் பேசாதே என்று அட்டை பிடிக்கிறோம். எல்லாமே தேவைதான். ஆனால் அவ்வளவும் ஓடுகிற வண்டியைப் பற்றியது. யோசித்துப் பாருங்கள், நம்ம வீட்டு வண்டி ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுது? ஒரு மணி, ரெண்டு மணி. மீதி நேரமெல்லாம் எங்கேயோ ஓர் இடத்தில் நின்றுகொண்டுதான் இருக்கிறது. வாசலில், ரேஷன் கடையில், டீக்கடையில், வாய்க்கால் கரையில், நம்ம பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில். நிற்கிற வண்டியைப் பற்றி யாரும் ஒரு அட்டைகூடப் பிடிப்பதில்லை.

வண்டியை நிறுத்துவதும் வண்டி ஓட்டுவதில் ஒரு பகுதிதான். சாவியை எடுத்துப் பையில் போட்டவுடன் வேலை முடிந்துவிடவில்லை. அது தானாக உருளாமல், சாயாமல் இருக்கும்படி செய்துவிட்டுத்தான் போக வேண்டும். இதுதான் என் கருத்து.

"பொம்பளப் புள்ளைக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்?" என்று சில அண்ணன்கள் கேட்பார்கள். வண்டி ஓட்டத்தான் எனக்கு லைசென்ஸ் வயசு இல்லை. ஆனால் வாசல் கூட்டிக் கோலம் போடும்போது வண்டியை ஒட்டி உட்கார்வது நாங்கள்தான். தம்பி தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரேஷன் கடையில் வண்டிகளுக்கு நடுவில் வரிசையில் நிற்பதும் நாங்கள்தான். அதனால் எங்களுக்கும் பேச உரிமை உண்டு.

எவ்வளவு கனம்?

ஸ்ப்ளெண்டர் மாதிரி ஒரு சாதாரண வண்டியே 110 கிலோவுக்கு மேல் இருக்கும். புல்லட் என்றால் கிட்டத்தட்ட 190 கிலோ. நம்ம அங்கன்வாடிப் பிள்ளை ஒன்றின் எடை 15 கிலோ இருந்தால் அதிகம். அந்தப் பிள்ளை மேல் இந்த வண்டி சாய்ந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

சின்னப் பிள்ளைகளுக்கு வண்டி என்றால் குதிரை மாதிரி. ஹேண்டில்பாரைப் பிடித்துத் தொங்கும், கால் வைக்கிற கம்பியில் ஏறும். அதுங்களைக் குற்றம் சொல்ல முடியாது. இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். சைடு ஸ்டாண்டு இடது பக்கம் இருப்பதால் வண்டி இடது பக்கம் சாய்ந்து நிற்கிறது. சைலன்சர் பெரும்பாலான வண்டிகளில் வலது பக்கம் இருக்கிறது. ஆக, இடது பக்கம் நின்றால் மேலே விழும், வலது பக்கம் நின்றால் காலைச் சுடும். பிள்ளைகள் நிற்க நல்ல பக்கமே இல்லை!

ஸ்டாண்டு மட்டும் போதுமா?

போதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் சைடு ஸ்டாண்டு எப்படி மடங்குகிறது என்று பாருங்கள். போடும்போது முன்பக்கமாகத் தள்ளுகிறோம், எடுக்கும்போது பின்பக்கமாக மடக்குகிறோம். அப்படியென்றால் வண்டி கொஞ்சம் முன்னால் உருண்டாலே போதும், ஸ்டாண்டு தானாகப் பின்னால் மடங்கிவிடும். வண்டி தொப்பென்று விழும். நடு ஸ்டாண்டும் அப்படித்தான். முன்னால் தள்ளினால் இறங்கிவிடும். அதனால்தான் சரிவான இடத்தில் வண்டியின் முகம் பள்ளத்தைப் பார்த்து நிற்கக் கூடாது. மேட்டைப் பார்த்து நிற்க வேண்டும். அப்போது வண்டி உருளப் பார்த்தாலும் பின்பக்கமாகத்தான் போகும், ஸ்டாண்டு மடங்காது. பின் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கட்டை வைத்துவிட்டால் உருளவும் உருளாது.

"நம்ம திருவாரூர் மாவட்டம் தட்டையான ஊராச்சே, மலையா இருக்கு?" என்று கேட்கலாம். மலை இல்லைதான். ஆனால் ஆற்றங்கரை சரிவு, மதகு ஏத்தம், பாலத்து இறக்கம் எல்லாம் இருக்கிறது. அதைவிட முக்கியம், வீட்டு வாசல். மழைத் தண்ணி ஏறக் கூடாது என்று வீட்டை உயர்த்திக் கட்டிவிட்டு, வண்டி ஏற்றுவதற்கு சிமெண்டில் ஒரு சரிவு போடுகிறோம். பாதிப் பேர் அந்தச் சரிவிலேயே வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள். அந்தச் சரிவின் அடியில்தான் நம்ம வீட்டுக் குழந்தை உட்கார்ந்து மண் அள்ளி விளையாடும்.

அடுத்தது நம்ம மண். வெயில் காலத்தில் பாறை மாதிரி இருக்கும், மழை பெய்தால் களி மாதிரி ஆகிவிடும். இதற்கு நம்ம ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலேயே பதில் இருக்கிறது. பரப்பு குறைந்தால் அழுத்தம் கூடும் என்று படித்தோம் இல்லையா? சைடு ஸ்டாண்டின் நுனி ரெண்டு விரல் அகலம்தான் இருக்கும். வண்டியின் பாரத்தில் ஒரு பங்கு அந்தச் சின்ன நுனியில் இறங்குகிறது. ஈர மண்ணில் அது மெதுவாகப் புதையும். உடனே விழாது. அரை மணி, ஒரு மணி கழித்துத்தான் விழும். நிறுத்தியவர் அப்போது அங்கே இருக்க மாட்டார்.

போன ஐப்பசி மழையில் ஒரு வண்டி இப்படித்தான் விழுந்தது. யாரும் தொடவில்லை, ஆடு மாடுகூடப் பக்கத்தில் இல்லை. அது விழுந்த இடம் மத்தியானம் தட்டுக் கழுவுகிற குழாயடி. சாப்பாட்டு மணி அடிக்க இன்னும் அஞ்சு நிமிஷம் இருந்தது. "நல்லவேளை" என்று எல்லோரும் சொன்னார்கள். வண்டியைத் தூக்கி அதே இடத்திலேயே நிறுத்தினார்கள்! நல்லவேளை எல்லா நாளும் வருமா?

கியர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. இன்ஜினை அணைத்துவிட்டு முதல் கியரில் போட்டு வைத்தால் பின் சக்கரம் லேசில் உருளாது. ஆனால் ஸ்கூட்டி மாதிரி கியர் இல்லாத வண்டிக்கு அந்த வசதி இல்லை. தள்ளினால் உருளும். நம்ம டீச்சர்கள், அக்காமார்கள் ஓட்டுவது பெரும்பாலும் அந்த வண்டிகள்தான். ஆகவே கட்டை அவசியம் தேவைப்படுவது அவற்றுக்குத்தான்.

தேருக்கே போடுகிறார்கள்

முட்டுக்கட்டை நமக்குப் புதுசு இல்லை. திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை. திருச்சி பெல் நிறுவனத்தார் செய்து கொடுத்த இரும்புச் சக்கரமும் பிரேக்கும் இருக்கிறது. இவ்வளவு இருந்தும் தேரோட்டத்தன்று சக்கரத்துக்குப் பக்கத்திலேயே ஆட்கள் முட்டுக்கட்டையோடு நடந்து வருகிறார்கள். தேரை நிறுத்தவும் திருப்பவும் அந்தக் கட்டைதான் கைகொடுக்கிறது. மாட்டு வண்டி ஓட்டிய தாத்தாக்கள் மாட்டை அவிழ்த்ததும் சக்கரத்துக்கு ஒரு கல்லை வைத்துவிட்டுத்தான் துண்டை உதறுவார்கள். லாரியை மேட்டில் நிறுத்தினால் கிளீனர் அண்ணன் முதலில் குதித்து இறங்கிக் கட்டையைத்தான் வைப்பார். தேருக்கும் லாரிக்கும் மாட்டு வண்டிக்கும் செய்ததை மோட்டார் சைக்கிள் வந்ததும் ஏன் விட்டோம்?

சிலர் சொல்லும் பதில்கள்

"ரெண்டு நிமிஷத்துல வந்துருவேன்" என்பார்கள். டீக்கடையில் ரெண்டு நிமிஷம் எவ்வளவு நேரம் என்பது நமக்குத் தெரியும். அப்படியே ரெண்டு நிமிஷம் என்றாலும் வண்டி விழ ஒரு விநாடி போதும்.

"புது வண்டிக்குப் போய்க் கல்லு வெச்சா நாலு பேர் சிரிப்பாங்க" என்பார்கள். லட்ச ரூபாய் கொடுத்து வாங்கிய வண்டி கீழே விழுந்து டேங்க் நசுங்கினால் அந்த நாலு பேர் பணம் தருவார்களா? பிள்ளை காலில் கட்டுப் போட்டுக் கிடந்தால் அந்த நாலு பேர் வந்து பார்த்துக்கொள்வார்களா?

"பிள்ளையைப் பெத்தவங்கதான் பார்த்துக்கணும்" என்பார்கள். சரிதான். ஆனால் நாலு வயசுப் பிள்ளையை நாள் முழுக்கக் கண்ணில் வைத்துக்கொண்டிருப்பது கஷ்டம். ஒரு செங்கல்லை எடுத்து வைப்பது சுலபம். சுலபமானதை முதலில் செய்யலாமே.

இன்னும் சிலர், "நீங்க வெச்ச கல்லை நடுரோட்டுலயே விட்டுட்டுப் போறீங்க, ராத்திரி வர்றவன் இடறி விழுறான்" என்பார்கள். இது மட்டும் நியாயமான பேச்சு, இதை நான் ஒத்துக்கொள்கிறேன். கல்லை எடுத்து ஓரமாகப் போடாமல் போகிறவர், ஒரு ஆபத்தைத் தடுத்து இன்னொரு ஆபத்தை விட்டுவிட்டுப் போகிறார். அதற்கும் வழி இருக்கிறது.

கட்டை வைக்கும் முறை

தச்சர் பட்டறையில் வீணாகக் கிடக்கும் துண்டுக் கட்டை போதும். மூன்று நான்கு விரற்கடை உயரத்தில், ஒரு பக்கம் சரிவாக, ரெண்டு கட்டை அறுத்துத் தரச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரு முழக் கயிற்றால் கட்டிவிடுங்கள். ஒன்றைச் சக்கரத்துக்கு முன்னால், இன்னொன்றைப் பின்னால், டயரோடு ஒட்டி வையுங்கள். இடைவெளி விட்டால் வண்டி உருண்டு வேகம் எடுத்துக் கட்டையைத் தாண்டிவிடும். கிளம்பும்போது கயிற்றைப் பிடித்து இழுத்தால் ரெண்டும் ஒன்றாக வந்துவிடும். வண்டியிலேயே மாட்டிக்கொள்ளலாம். ரோட்டில் எதுவும் கிடக்காது.

கட்டை இல்லாவிட்டால் அரைச் செங்கல் வைக்கலாம். உருண்டைக் கல் வைக்கக் கூடாது, அதுவே உருண்டுவிடும்.

ஒன்றை மறக்கக் கூடாது. கட்டை வண்டியை உருளாமல்தான் தடுக்கும். பக்கவாட்டில் சாய்வதைத் தடுக்காது. அதற்கு ஸ்டாண்டின் அடியில் ஒரு தட்டைக் கல்லோ பலகைத் துண்டோ வைக்க வேண்டும். பரப்பு கூடும், அழுத்தம் குறையும், புதையாது. ரெண்டும் சேர்ந்தால்தான் முழுப் பாதுகாப்பு.

இன்னொரு சின்ன யோசனை: பழைய சைக்கிள் டியூபில் ஒரு வளையம் வெட்டி, முன் பிரேக்கையும் கைப்பிடியையும் சேர்த்து இறுக்கி மாட்டிவிட்டால் முன் சக்கரமும் பிடித்துக்கொள்ளும். இதற்குச் செலவே இல்லை.

நம் பள்ளிக்கு என் கோரிக்கை

நம்ம வளாகத்திலேயே தொடக்கப் பள்ளியும் அங்கன்வாடியும் இருக்கின்றன. காலை உணவுக்குச் சின்னப் பிள்ளைகள் ஓடி வருகிற அதே நேரத்தில்தான் வண்டிகளும் உள்ளே வருகின்றன. அதனால் தலைமையாசிரியர் அவர்களிடம் பணிவோடு கேட்டுக்கொள்வது:

1. குழாயடி, அங்கன்வாடி வாசல், சத்துணவுக்கூடம் இந்த மூன்று இடத்திலும் வண்டி நிறுத்த வேண்டாம். காம்பவுண்டு சுவர் ஓரம் கெட்டித் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு அங்கே மட்டும் நிறுத்தலாம்.

2. வண்டிகளை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்த வேண்டாம். ஒன்று சாய்ந்தால் வரிசையே சாயும்.

3. கட்டடம் கட்டியபோது மிஞ்சிய செங்கல் பின்னால் கிடக்கிறது. அதில் இருபது அரைச் செங்கல் எடுத்து வெள்ளை அடித்து அந்தச் சுவர் ஓரம் அடுக்கி வைக்கலாம். வெள்ளை அடிக்கும் வேலையை ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் நாங்கள் செய்து தருகிறோம்.

4. சாயங்காலம் எல்லாக் கல்லும் திரும்ப அடுக்கில் இருக்கிறதா என்று வகுப்புக்கு ஒரு வாரம் முறை வைத்துப் பார்க்கலாம்.

இதற்கு நிதி எதுவும் தேவையில்லை. மனசு இருந்தால் இந்தத் திங்கட்கிழமையே ஆரம்பித்துவிடலாம்.

தோழர் தோழிகளே, நமக்கும் வேலை இருக்கிறது. இன்று வீட்டுக்குப் போனதும் வாசலில் வண்டி எப்படி நிற்கிறது என்று பாருங்கள். அப்பாவிடமோ மாமாவிடமோ சண்டை போட வேண்டாம். நீங்களே ஒரு செங்கல்லை எடுத்து டயரோடு ஒட்டி வைத்துவிட்டு, வைத்திருப்பதை அவர்களிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் வைத்தால் வண்டி எடுக்கும்போது திட்டு விழும்!

நாலு நாள் நீங்கள் வைத்தால் அஞ்சாம் நாள் அவர்களே வைப்பார்கள்.

ஓடும் வண்டிக்குத் தலைக்கவசம்!
நிற்கும் வண்டிக்கு முட்டுக்கட்டை!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி