காசு கொடுத்தவர்களுக்குக் கோபம் ஏன்? நகர மறுக்கும் கம்ப்யூட்டர் ஆட்டம்!

ஓடி ஜெயிக்கலாம். குதித்து ஜெயிக்கலாம். சும்மா இருந்து ஜெயிக்க முடியுமா?

முடியும்! அதற்கென்றே கம்ப்யூட்டரில் ஆட்டங்கள் இருக்கின்றன. "ஐடில் கேம்" என்று பெயர். சில பட்டன்களைத் தட்டிவிட்டால் போதும். பிறகு ஆட்டம் தானாக நடக்கும். ஆடுகிறவர் சாப்பிடப் போகலாம், தூங்கலாம். திரும்பி வந்து பார்த்தால் கணக்கில் புள்ளிகள் குவிந்திருக்கும்.

இந்த ஆட்டங்களை விலை கொடுத்து வாங்கியவர்களில் பலர் கோபமாக இருக்கிறார்கள். நாள் கணக்கில் காத்திருந்தும் ஆட்டம் நகரவில்லை என்பது அவர்கள் புகார்.

சும்மா இருக்க வந்தவர்களுக்குக் காத்திருக்க என்ன கஷ்டம் என்று கேலி செய்யத் தோன்றும். கணக்கைப் பார்த்தால் கேலி நின்றுவிடும்.

பாட்டி சுடும் பிஸ்கட்

2013-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் "குக்கி கிளிக்கர்" என்ற ஆட்டம் வெளிவந்தது. அதைச் செய்தவர் பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஜூலியன் தியெனோ.

திரையில் ஒரு பெரிய பிஸ்கட் இருக்கும். ஒரு தட்டுத் தட்டினால் ஒரு பிஸ்கட் கிடைக்கும். 100 பிஸ்கட் சேர்ந்ததும் ஒரு பாட்டியை வேலைக்கு வைக்கலாம். பாட்டி நொடிக்கு ஒரு பிஸ்கட் சுடுவார்.

ஒரு பாட்டி வந்ததும் அடுத்த பாட்டியின் விலை 100-க்கு 15 வீதம் ஏறும். வட்டிக்கு வட்டி போல!

பாட்டிகளை மட்டும் நம்பி ஆடினால் என்ன ஆகும்? இரண்டாவது பாட்டியை வாங்க ஏறக்குறைய 2 நிமிஷம் காத்திருக்க வேண்டும். 11-வது பாட்டிக்கு 40 நொடி போதும். அடடா, ஆட்டம் பறக்கிறதே என்று தோன்றும். 51-வது பாட்டிக்கு 36 நிமிஷம். 101-வது பாட்டியின் விலை 11 கோடியே 74 லட்சம் பிஸ்கட்! 100 பாட்டிகள் ராப்பகலாகச் சுட்டாலும் அதைச் சேர்க்க 13 நாளுக்கு மேல் ஆகும்.

ஆட்டத்தில் பண்ணை, சுரங்கம், தொழிற்சாலை என்று வேறு வழிகளும் உண்டு. அவை வேகத்தைக் கூட்டும். ஆனால் அவற்றின் விலையும் இப்படியே ஏறும்.

கடைசியில் ஒரே வழிதான். சேர்த்ததை எல்லாம் விட்டுவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்படித் தொடங்கினால் அடுத்த சுற்று வேகமாகப் போகும். அந்தச் சலுகையின் முதல் படியைப் பெற ஒரு லட்சம் கோடி பிஸ்கட் சுட்டிருக்க வேண்டும்.

இதில் ஏமாற்று இல்லை. இணையத்தில் இந்த ஆட்டம் இலவசம். மெல்ல மெல்ல ஏறுவதுதான் அதன் ருசி.

கூரை போடாத வீடு

அப்படியானால் கோபம் எங்கிருந்து வந்தது?

"ஸ்டீம்" என்பது கம்ப்யூட்டர் ஆட்டங்களை விற்கும் பெரிய அமெரிக்கக் கடை. 2013 மார்ச்சில் அது "ஏர்லி ஆக்சஸ்" என்ற முறையைத் தொடங்கியது. வேலை முடியாத ஆட்டத்தையே விற்கலாம். வாங்கியவர்கள் ஆடிப் பார்த்துக் குறை சொல்வார்கள். செய்தவர் அந்தப் பணத்தைக்கொண்டு வேலையை முடிப்பார். கூரை போடாத வீட்டில் குடியேறுவது மாதிரி!

மற்ற ஆட்டங்களில் வேலை எங்கே நின்றிருக்கிறது என்பது பளிச்சென்று தெரியும். ஐடில் ஆட்டத்தில் தெரியாது. விலையைக் கொஞ்சம் ஏற்றிவிட்டால் போதும். பத்து நாளில் முடிய வேண்டிய ஆட்டம் பத்து மாதம் இழுக்கும். மேலே மாடி இருக்கிறதா, வெறும் படிக்கட்டுதானா என்று ஏறுகிறவருக்குத் தெரிவதில்லை. கோபத்துக்குக் காரணம் இதுதான்.

எல்லோரும் வேண்டுமென்றே இழுக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. ஓராண்டு ஓடும் ஆட்டத்தைச் சோதித்துப் பார்க்க ஓராண்டு ஆகும் அல்லவா? பிறகு விலையைக் குறைத்தாலும் மனத்தாங்கல்தான். ஒருவர் ஒரு மாதம் காத்திருந்து வாங்கியதை, நேற்று வந்தவர் ஒரே நாளில் வாங்கிவிடுவார்!

நல்ல எண்ணம், முடியாத வேலை

2014-ல் வந்த "கிளிக்கர் ஹீரோஸ்" ஆட்டம் இலவசம். ஆனால் அவசரப்படுகிறவர்களுக்கு அதில் நிஜப் பணத்துக்கு மாணிக்கம் விற்றார்கள். சிலர் ஆயிரக்கணக்கான டாலரைக் கொட்டினார்கள். அது ஆட்டத்தைச் செய்த பிளேசாரஸ் கம்பெனிக்கே உறுத்தியது. இரண்டாம் பாகத்தில் மாணிக்க வியாபாரம் கிடையாது, ஒரே விலை 29.99 டாலர் என்று 2017-ல் அறிவித்தார்கள். பலர் பாராட்டினார்கள்.

2018 ஜூலையில் அது ஏர்லி ஆக்சஸ் முறையில் வந்தது. ஐந்தாண்டு கழிந்தும் வேலை முடியவில்லை.

"மெல்வர் ஐடில்" என்ற ஆட்டமோ 2020 அக்டோபரில் அதே முறையில் வந்து, 2021 நவம்பரில் முழு ஆட்டமாகிவிட்டது.

தூங்கினால் போச்சு!

ஓராண்டுக்கு மேல் புதுப்பிக்காத ஏர்லி ஆக்சஸ் ஆட்டங்களின் பக்கத்தில் அதை எழுதிக் காட்ட, ஸ்டீம் 2025 பிப்ரவரியில் ஏற்பாடு செய்தது.

பிடிக்காத ஆட்டத்தைத் திருப்பிக் கொடுக்கவும் வழி உண்டு. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும்.

இங்கேதான் வேடிக்கை. ஆட்டம் திறந்திருக்கும் நேரமெல்லாம் ஆடிய நேரமாகவே கணக்கில் ஏறும். இரவு 10 மணிக்கு வாங்கி, ஓடவிட்டுத் தூங்கினால், 12 மணிக்கு அந்தக் கெடு முடிந்துவிடும். காலையில் எழுந்து பார்க்கும்போது ஆட்டம் ஜோராகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். அது நகர மறுப்பது இன்னும் சில நாள் கழித்துத்தான்.