குக்கி ஆளைக் காட்டிக் கொடுக்குமா?

அரியலூர் எப்போது தனி மாவட்டம் ஆயிற்று?

கேள்வி எளிது. பதில் சற்று நீளம். 1995-ல் திருச்சி மாவட்டத்தில் இருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. அரியலூர் அதற்குள் இருந்தது. 2001-ல் அரியலூர் தனி மாவட்டம் ஆனது. 2002-ல் மீண்டும் பெரம்பலூருடன் சேர்ந்தது. 2007 நவம்பர் 23-ந் தேதி மறுபடியும் தனி மாவட்டம் ஆனது.

இணையத்தில் விக்கிபீடியா என்ற கலைக்களஞ்சியம் இருக்கிறது. தமிழில் அது 2003-ல் தொடங்கியது. அதில் யாரும் எழுதலாம். மற்றவர் எழுதியதைத் திருத்தவும் செய்யலாம். பெயர் கூடச் சொல்ல வேண்டியது இல்லை.

ஒருவர் 2001 என்று எழுதுகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். இன்னொருவர் அதை அடித்து, 2007 என்று எழுதுகிறார். உடனே, "மாற்றியது யார்?" என்ற கேள்வி பிறக்கிறது.

முன்பு இருந்த முறை

பெயர் சொல்லாமல் திருத்தியவரின் இணைய முகவரி எண், முன்பு எல்லோர் கண்ணிலும் படும். எந்தக் கம்பெனியின் இணைப்பு, ஏறத்தாழ எந்தப் பகுதி என்று அதைக் கொண்டு கண்டுபிடிக்கலாம்.

சின்ன ஊரில் இது ஆபத்து. ஊர்ப் பெரிய மனிதரைப் பற்றி உண்மையை எழுதியவர் வீட்டு வாசலில் நாலு பேர் வந்து நின்றால் என்ன ஆகும்?

2024 முதல் இந்த முறை படிப்படியாக மாறியது. இப்போது ஆண்டும் எண்களும் கொண்ட ஒரு தற்காலிகப் பெயர் கொடுக்கிறார்கள். முகவரி எண்ணைத் தகுதி பெற்ற சிலர் மட்டுமே பார்க்க முடியும். இது நல்ல மாற்றம்.

டோக்கன் போல

இந்தத் தற்காலிகப் பெயரை நினைவில் வைப்பது "குக்கி". இது தின்பண்டம் அல்ல. செல்போனில் அல்லது கம்ப்யூட்டரில் பதிந்து வைக்கும் ஒரு சின்னக் குறிப்பு. 1994-ல் அமெரிக்காவில் லூ மான்டுல்லி என்பவர் இதை உருவாக்கினார்.

சைக்கிள் ஸ்டாண்டில் கொடுக்கும் டோக்கன் போன்றது இது. டோக்கன் சைக்கிளைக் காட்டும். ஓட்டி வந்தது அப்பாவா, மகனா என்று காட்டாது.

ஒரே செல்போனில் அண்ணன் திருத்தினாலும் தங்கை திருத்தினாலும் ஒரே பெயர்தான் வரும். ஒருவரே இரண்டு செல்போனில் திருத்தினால் இரண்டு பெயர் வரும். குக்கியை அழித்தால் புதுப் பெயர். அழிக்காவிட்டாலும் 90 நாளில் பழைய பெயர் போய்விடும்.

ஆகவே, குக்கியை வைத்து, "இன்னார்தான் செய்தார்" என்று முடிவு கட்டக் கூடாது. அண்ணன் செய்த குறும்புக்குத் தங்கை மீது பழி போடுவது நியாயமா?

எது முக்கியம்?

2024-ல் ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் டெல்லி ஐகோர்ட்டில் விக்கிபீடியா மீது மானநஷ்ட வழக்கு போட்டது. அந்த நிறுவனம் பற்றிய பக்கத்தைத் திருத்திய மூவரின் விவரத்தைக் கொடுக்கும்படி கோர்ட்டு உத்தரவிட்டது. அவதூறு எழுதியவர் யார் என்று விசாரிப்பது கோர்ட்டின் வேலை. ஊர்க்காரர்கள் ஆளாளுக்குத் துப்பறியக் கிளம்பினால், நாளைக்கு யார் எழுத வருவார்கள்?

நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "இதற்கு ஆதாரம் என்ன?"

அரியலூர் பிரிந்த தேதி அரசு ஆணையில் இருக்கிறது. அதைக் காட்டி எழுதினால், எழுதியவர் யாராக இருந்தால் என்ன? ஆதாரம் இல்லாமல் எழுதினால், எவ்வளவு பெரிய மனிதர் எழுதினாலும் திருத்த வேண்டியதுதான்.

பெரம்பலூர், அரியலூர் இளைஞர்களே! உங்கள் ஊர்ப் பக்கத்தைத் திறந்து படியுங்கள். தவறு இருந்தால் ஆதாரத்தோடு திருத்துங்கள். யாரோ எழுதட்டும், சரியாக எழுதட்டும்!